சுடாத கை

ஆய்வுக்கூடத்தில் நான் நாள் முழுக்கக் குனிந்து பார்க்கும் பிளாஸ்டிக் தட்டில் தொண்ணூற்றாறு குழிகள். ஒவ்வொன்றும் சட்டைப் பொத்தான் அகலம். இதை முதன்முதலில் மதினியிடம் சொன்னபோது அவள் தாராவியில் தன் இட்லிக் கொப்பரைக்கு முன்னால் குந்தி, தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"ஒரு ஈட்டுக்குத் தொண்ணூத்தாறா? எத்தன நிமிசத்துல வேகும்?"

"வேகாது மதினி. மஞ்சளா மாறும்."

"மஞ்சளானா ஊசிப்போச்சுன்னுல்லா அர்த்தம். அதுக்குப் போயா சம்பளம் தாராவ ஒனக்கு?"

அவள் என் அண்ணன் மனைவி. நான் அவளுக்கு நாத்தனார். எங்கள் திருநெல்வேலிப் பக்கத்தில் இந்த உறவில் கேலிக்கு அளவு கிடையாது. அண்ணன் சைக்கிளில் இட்லி டப்பாவைக் கட்டிக்கொண்டு மாஹிம் வரை விற்கப் போவான். நான் பி.எஸ்சி. படித்து, செம்பூரைத் தாண்டி ஓர் ஆய்வு நிறுவனத்தில் டெக்னீஷியனாகச் சேர்ந்து, கல்யாணமாகி நெருளுக்குப் போய், ஹார்பர் லைன் ரயிலில் பாதி ஆயுளை நின்றே கழித்தவள். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. வேலையில் மணிக்கொரு தரம் எழுந்து ஏதாவது எடுக்க வேண்டியிருந்ததால்தான் அந்த வேலையிலேயே இத்தனை வருடம் தரித்திருந்தேன் என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கிளம்புவேன். குர்லாவில் வண்டி மாறி, சயானில் இறங்கி நடப்பேன். கலி என்று அங்கே சொல்லும் சந்துக்குள் நுழையும்போது புளித்த மாவும் ஆவியும் சாக்கடையும் சேர்ந்த ஒரு வாடை வந்து முகத்தில் ஒட்டிக்கொள்ளும். வரிசையாக இட்லி வீடுகள். ஒவ்வொரு ஒற்றையறைக் கோலியின் வாசலிலும் ஒரு கொப்பரை பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கும்.

அந்தக் கலிக்கு ஒரு வீம்பு உண்டு. வெந்த தட்டைத் துணி பிடித்து எடுக்கக் கூடாது. வெறுங்கையால் எடுக்க வேண்டும். புதிதாகக் கல்யாணமாகி வரும் பெண்ணை முதல் வாரமே கொப்பரை முன்னால் நிறுத்துவார்கள். அவள் "ஸ்ஸ்" என்று விரலை உதறினால் கலியே சிரிக்கும். உதறி உதறித்தான் எல்லாருக்கும் கை தேறும். சிலருக்கு ஒரு வருடம், சிலருக்கு இரண்டு.

மதினிக்கு இருபது வருடமாகியும் தேறவில்லை. அவள் இட்லி பஞ்சு மாதிரி இருக்கும். கை மட்டும் சூடு தாங்காது. எப்போதும் தோளில் ஒரு ஈரத்துணி. "துணிக்காரி வீட்டு இட்லி" என்றுதான் கலியில் அடையாளம் சொல்வார்கள். அவளும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "ஆமா, ஒங்க கையெல்லாம் எருமத் தோலு. எங்கையி மனுசக் கையி" என்பாள்.

பிறகு ஒரு மழைக்காலத்தில் அவளும் தேறினாள்.

யாரும் எதிர்பார்க்கவில்லை. ஒரு ஞாயிறு நான் போனபோது தோளில் துணி இல்லை. மூடியைத் திறந்தாள். ஆவி எழுந்தது. ஆவிக்குள் கையை விட்டு, ஒன்றின் கீழ் ஒன்றாக நான்கு தட்டுகளையும் நிதானமாக, ஏதோ கொடியிலிருந்து காய்ந்த சேலையை எடுப்பதுபோல எடுத்து வைத்தாள். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. எதிர்வீட்டுக்காரி கைதட்டினாள்.

"பாத்தியளா, துணிக்காரி துணியக் களஞ்சிட்டா!"

"ஏட்டி, நாக்க அறுத்துப்புடுவேன். துணியக் களஞ்சிட்டாளாம்லா" என்று மதினி சிரித்தாள். அண்ணன் சைக்கிளில் டப்பாவைக் கட்டிக்கொண்டே, "எம் பொண்டாட்டி கையி இப்பம் இரும்பு கேட்டியா" என்றான். அவன் அவளைப் பற்றிப் பலர் அறியப் பெருமை பேசியது அன்றுதான் என்று நினைக்கிறேன். மதினியின் கழுத்து சிவந்தது.

கணபதி பண்டிகை நேரம். ஆர்டர் குவிந்திருந்தது. நான் கைப்பேசியை எடுத்து, அவள் தட்டு எடுப்பதை வீடியோ பிடித்தேன். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஆவி, வளையல், சிவந்த கை, கடைசியில் அவள் என்னைப் பார்த்து நாக்கை நீட்டுவது.

மறுநாள் அதை ஆய்வுக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டினேன். அங்கே முனைவர் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு பெண் இருந்தாள்; மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருக்கும் குடும்பம். நான் எடுக்கும் அளவுகள் எல்லாம் அவளுடைய ஆராய்ச்சிக்குத்தான் போயின. அவள் மட்டும் சிரிக்கவில்லை. இரண்டாம் முறை ஓடவிட்டுப் பார்த்தாள்.

"அவாளுக்குச் சுடவே சுடலையாக்கா?"

"பழக்கம்" என்றேன். "எங்க கலியில எல்லாருக்கும் அப்படித்தான்."

"முகத்தப் பாருங்கோ. மத்தவா தாங்கிண்டு எடுப்பா. இவா தாங்கிக்கற மாதிரியே இல்லையே."

நான் கைப்பேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். மணி அடித்தது, அடுத்த மாதிரியை எடுக்கப் போக வேண்டியிருந்தது.

அந்த மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வேலை அதுதான். யாரோ கொடுத்த ரத்தத்திலிருந்து வெள்ளணுக்களைப் பிரித்து, குழிகளில் விட்டு, அவற்றின் மேல் செத்த கிருமியின் மேலோட்டுத் துணுக்குகளைத் தெளிப்போம். கிருமி வந்துவிட்டது என்று அணுக்கள் நம்பிவிடும். கத்த ஆரம்பிக்கும். அணுவுக்கு வாய் ஏது? அது கத்துவது புரதத்தால். சைட்டோகைன் என்று பெயர். துளித்துளியாக வெளியே விடும். அது பக்கத்து அணுவைப் போய்த் தொட்டு எழுப்பும். அது எழுந்து தன் பங்குக்குக் கத்தும். நான் மணிக்கொரு தரம் அந்த நீரில் கொஞ்சம் எடுத்து, வேறொரு தட்டில் விட்டு, எவ்வளவு கத்தியிருக்கின்றன என்று அளப்பேன். கூச்சல் கூடக் கூட மஞ்சள் கூடும். முதல் மணி நேரத்தில் அனேகமாக ஒன்றுமிருக்காது. பிறகு ஏறும். உச்சிக்குப் போகும். பிறகு, ஆரோக்கியமான ரத்தமாக இருந்தால், தானாகவே இறங்கும்.

அந்த இறக்கம்தான் மாட்டுங்காப் பெண்ணின் ஆராய்ச்சி. "கத்தறது பெரிய காரியமில்லேக்கா. நிறுத்தறதுதான் காரியம்" என்பாள். அணுவின் நடுவில் உள்ள பெரிய புத்தகத்திலிருந்து 'இந்தப் புரதத்தைச் செய்' என்று ஒரு சீட்டு நகலாகி வருகிறது. சீட்டு இருக்கும்வரை புரதம் வந்துகொண்டே இருக்கும். அதனால் இப்படிக் கூச்சல் போடும் புரதங்களின் சீட்டுகளில் பலவற்றுக்கு உடம்பே ஒரு வால் வைத்து அனுப்புகிறது. சீக்கிரம் கிழித்துவிடு என்று சொல்லும் வால். அதைப் பிடித்துச் சீட்டைக் கிழிப்பதற்கென்றே அணுவுக்குள் ஆள் உண்டு. கிழிக்கும் ஆள் இல்லாமல் பிறந்த எலிகளுக்குக் கிருமியே இல்லாமல் மூட்டு வீங்கும், உடம்பு வற்றும் என்றாள்.

இன்னொன்றும் சொன்னாள். ஒருமுறை எதிரியைப் பார்த்துவிட்ட சில அணுக்கள், அடுத்த முறைக்காகச் சீட்டை முன்கூட்டியே எழுதி, பூட்டி வைத்திருக்குமாம். எழுதிக்கொண்டிருக்க நேரமில்லாத வேளைக்கு. வேளை வந்தால் பூட்டைத் திறந்தால் போதும்.

பொங்கல் அன்று என் சீட்டு எழுதப்பட்டது.

மதினி வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தாள். கலி முழுக்கக் குலவைச் சத்தம். புதுச் சேலை; ரவிக்கைக் கை கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. வலது முழங்கைக்குக் கீழே, வெளிப்புறம், ஒரு வெளுத்த படை. ஒரு ரூபாய் நாணயத்தைவிடப் பெரியது. அதன் மேல் மயிர் இல்லை.

"இது என்ன மதினி?"

"ஆவியடிச்சதுட்டி. நாலு மாசமாக் கெடக்கு. அரிக்கவும் இல்ல, வலிக்கவும் இல்ல. நல்ல புள்ள."

நான் டாக்டர் இல்லை. ஆனால் இருபது வருடம் நோயெதிர்ப்பு ஆய்வுக்கூடத்தில் குப்பை கொட்டியவளுக்கு, வெளுத்த, வலிக்காத, மயிர் உதிர்ந்த ஒரு படையும் சூடு தெரியாத ஒரு கையும் சேர்ந்தால் என்ன என்று தெரியாதா? தெரியும். பொங்கல் பொங்கியது. எல்லாரும் "பொங்கலோ பொங்கல்" என்றோம். நானும் சொன்னேன். அந்த நோயின் பெயர் அப்போது என் நாக்குக்குக் கீழே இருந்தது.

ஏன் சொல்லவில்லை?

பல காரணம் வைத்திருந்தேன். நல்ல நாளும் அதுவுமாக வேண்டாம். அடுத்த ஞாயிறு தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம். அடுத்த ஞாயிறு ஹார்பர் லைனில் மெகா பிளாக், வண்டி இல்லை. அதற்கடுத்த ஞாயிறு அண்ணன் கூடவே இருந்தான். கலியில் அந்த நோய்க்குப் பெயர்கூடச் சொல்ல மாட்டார்கள்; பெரிய வியாதி என்பார்கள். பெரிய வியாதிக்காரி கையால் அவித்த இட்லியை யார் தின்பார்கள்? அவர்களுடைய தந்தாவே, பிழைப்பே போய்விடும். நான் வாயைத் திறந்தால் ஒரு கொப்பரை அணையும். ஒருவேளை என் கண்தான் தப்போ? ஒருவேளை உண்மையிலேயே ஆவி அடித்ததுதானோ?

இவையெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்டவை. என் கைகள் என்ன செய்தன என்பதையும் எழுதுகிறேன்.

ஒவ்வொரு ஞாயிறும் கிளம்பும்போது மதினி எனக்கு ஒரு பொட்டலம் கட்டித் தருவாள். ஆறு இட்லி, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். "ரயில்லயே தின்னுரு, ஆறிப்போவும்" என்பாள். இருபது வருடமாக மான்குர்த் வருவதற்குள் தின்று முடித்திருப்பேன். பொங்கலுக்கு அப்புறம் அதைப் பிரிக்கவில்லை. மடியிலேயே வைத்திருப்பேன். மான்குர்த் தாண்டி, பாலத்தில் வண்டி ஏறி, கீழே கழிமுகத்து நீர் தெரியும்போது, பொட்டலத்தை மேலே சாமான் கம்பியில் வைத்துவிடுவேன். நெருளில் மறந்தவள்போல இறங்கிவிடுவேன். அந்த நோய் சாப்பாட்டால் தொற்றாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் வைத்தேன். ஒரு முறை அல்ல. வெயில் ஏறும்வரை, ஒவ்வொரு ஞாயிறும். கண் தப்பாக இருக்கலாம் என்று சொன்னவளின் கை செய்த வேலை இது.

மே மாதக் கடைசியில் அண்ணன் போன் செய்தான். மதினியின் உள்ளங்கையில், சுண்டு விரல் பக்கமாக, கொப்புளம் உடைந்து புண்ணாகிக் கிடக்கிறது. எப்போது பட்டது என்று அவளுக்கே தெரியவில்லை. முழங்கையில் தாங்க முடியாத வலி. படை செவ்வெனச் சிவந்து தடித்திருக்கிறது. இரண்டு விரல் மடங்குகிறது. "ஒனக்குத்தான் டாக்டரெல்லாம் தெரியும், வாயேன்" என்றான்.

முனிசிபல் ஆஸ்பத்திரி ஒன்றின் தோல் பிரிவுக்குக் கூட்டிப் போனேன். மராத்திக்கார டாக்டரம்மா, என் வயதுதான் இருக்கும். மதினியைக் கண்ணை மூடச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் கையில் அங்கங்கே தொட்டு, தொட்ட இடத்தை மறு கையால் காட்டச் சொன்னார். கட்டை விரலில் தொட்டார். மதினி சரியாகக் காட்டினாள். ஆட்காட்டி விரல், சரி. பிறகு சுண்டு விரலில் தொட்டார். மதினி காட்டவில்லை. மறுபடி தொட்டார். மதினியின் இமை லேசாகப் பிரிந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "இதர்" என்றாள், இங்கே என்று. டாக்டரம்மா இழையை எடுத்துவிட்டார். எதையும் தொடாமல் காற்றில் பிடித்தபடி காத்திருந்தார். மதினி கண்ணை இறுக மூடிக்கொண்டு, பரீட்சையில் ஊகித்து எழுதும் பிள்ளையைப் போல, சுண்டு விரலைக் காட்டி மறுபடி "இதர்" என்றாள்.

டாக்டரம்மா மருத்துவப் பெயரை மெதுவாகச் சொன்னார். தொழுநோய். மதினி கேட்ட முதல் கேள்வி ஒன்றுதான்: "மை இட்லி கோ ஹாத் லகாவூம் க்யா?" இட்லியைத் தொடலாமா?

தாராளமாக, என்றார் டாக்டரம்மா. சாப்பாட்டில் இது பரவாது. மாத்திரை ஆரம்பித்துவிட்டால் யாருக்கும் ஒட்டாது. மாத்திரை இலவசம். யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. நான் நான்கு மாதம் காவல் காத்த பயத்தை அவர் நான்கு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

பிறகு கேட்டார்: கை மரத்து எத்தனை நாளாகிறது?

"தோ மஹினா" என்றாள் மதினி. இரண்டு மாதம். அவள் பொய் சொல்லவில்லை. வலி வந்ததிலிருந்து கணக்கு வைத்தாள். அதற்கு முன்னால் இருந்தது நோயென்று அவளுக்கு யார் சொன்னது? அதற்குப் பெயர் கை தேறியது.

டாக்டரம்மாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. இரண்டு மாதம் என்றால் நல்லது. நரம்பு செத்து அரை வருடம் தாண்டாவிட்டால் பெரும்பாலும் மீட்கலாம். ஸ்டீராய்டு தருகிறேன், விரல்கள் திரும்பலாம், என்றார்.

என் பையில் கைப்பேசி இருந்தது. கைப்பேசியில் கணபதி சமயத்து வீடியோ இருந்தது. ஆவிக்குள் நுழையும் அந்தக் கை. சுளிப்பு இல்லாத அந்த முகம். எடுத்துக் காட்டியிருக்கலாம். காட்டியிருந்தாலும் மருந்து ஒன்றும் மாறியிருக்காது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். சிவந்து தடித்திருந்ததற்கு எப்படியும் அதைத்தான் கொடுத்திருப்பார்கள். ஆனால் அன்று அந்த நியாயத்தையெல்லாம் நான் யோசிக்கவில்லை. காட்டினால் மதினி என்னைப் பார்ப்பாள். அவ்வளவுதான் யோசித்தேன். பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் மதினி கேட்டாள்.

"கிருமி கொஞ்சந்தான், நரம்பத் திங்கது ஒங்க ஒடம்புதாம்னு டாக்டரம்மா சொன்னாவ. ஒடம்பே ஒடம்பத் திங்குமாட்டி?"

நான் சொன்னேன். அணுக்கள் கத்துவதை, சீட்டை, வாலை, கிழிக்கிற ஆளை. கிருமியைப் பார்த்துக் கத்த ஆரம்பித்தவை நிறுத்தத் தெரியாமல் கத்தினால், கூச்சலில் நரம்பு வீங்கி நசுங்கிப் போவதை. ஸ்டீராய்டு வாயைப் பொத்தும் மருந்து என்றேன். அவள் தன் மடங்கிய விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பம் ஈடு வெந்த பெறவும் அடுப்ப அமத்தாம விட்ட கததான். இட்லிக்குத் தீ வேணும். வெந்த பெறவும் எரிஞ்சா? தண்ணி வத்தி, கொப்பர பொகஞ்சி, அடியில ஓட்ட விழும்."

"அதேதான் மதினி."

"இதுக்கா இருவது வருசமா தொண்ணூத்தாறு குழிய நோண்டுத? என்னட்டக் கேட்டிருந்தா ஓசியில சொல்லியிருப்பேன்லா."

சிரித்தோம். அந்தச் சிரிப்பு இன்னும் எனக்கு உறுத்துகிறது.

அண்ணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான். மறுநாள் இரண்டு இடுக்கி வாங்கி வந்தான். ஒன்று அவளுக்கு, ஒன்று தனக்கு. அவன் அதுவரை கொப்பரைப் பக்கமே போனதில்லை. எதிர்வீட்டுக்காரி விடுவாளா?

"என்ன, புருசனும் பொண்டாட்டியும் ஆளுக்கொரு இடுக்கியும் கையுமா நிக்கிய? இரும்புக் கையி என்னாச்சி?"

"எனக்குச் சுடுது தாயி" என்றான் அண்ணன். "எனக்குச் சுட்டா அவளுக்கும் சுடும்லா."

ஸ்டீராய்டு மதினியின் முகத்தை நிலாவாக உருட்டியது. கன்னம் உப்பி, தாடை மறைந்து, கண் இடுங்கியது. கலி அதையும் நல்ல சேதியாகவே எடுத்துக்கொண்டது. "நல்லாப் பூசினாப்ல ஆயிட்ட, ஏதும் விசேசமா?" என்று கேட்டவளுக்கு மதினி, "ஆமா, பொறக்கப்போற பேரனுக்குச் சித்தப்பன் வாரான்" என்றாள்.

மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். காலண்டரில் தினமும் மாத்திரை விழுங்கிய கையோடு சுட்டு விரலால் ஒரு மாவுப் பொட்டு வைப்பாள். காய்ந்து வெள்ளையாக நிற்கும். ஞாயிறுதோறும் நான் அந்தத் தாளைப் பார்ப்பேன். மழை மாதங்கள் முழுக்க, அடுத்த கணபதி வந்து போய், தீபாவளியும் போய், ஒரு சதுரம்கூட வெறுமையாக இல்லை. அவள் செய்ய வேண்டியதில் ஒரு நாள் குறையவில்லை.

அந்த மாதங்களில் பொட்டலத்தைப் பிரித்துத் தின்றேன். கூச்சமில்லாமல் தின்றேன். டாக்டரம்மா சொன்ன பிறகு தின்பதற்கு என்ன தைரியம் வேண்டும்?

டிசம்பரில் மறுபடி இழைப் பரீட்சை. வலி போயிருந்தது. முழங்கை வீக்கம் வடிந்திருந்தது. விரல்கள் முன்பைவிட நிமிர்ந்திருந்தன. மதினி இந்தத் தடவை எட்டிப் பார்க்கவில்லை. கண்ணை இறுக மூடியிருந்தாள். டாக்டரம்மா சுண்டு விரலில் தொட்டார். மோதிர விரலில் தொட்டார். புறங்கை ஓரத்தில் தொட்டார். மதினி அசையவில்லை. "ஷுரூ கரோ" என்றாள். ஆரம்பியுங்கள் என்று. டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

இரண்டு மாதக் கேஸ் என்றால் திரும்பியிருக்க வேண்டும், சிலருக்குத் திரும்புவதில்லை, கையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்.

ஆஸ்பத்திரி வாசலில் டீ வாங்கினேன். மதினி இடது கையில் கிளாஸை வாங்கிக்கொண்டாள்.

"நான் ஒரு நாளு தப்பவிடலியேட்டி."

"இல்ல மதினி."

"ரெண்டு மாசத்துலயே வந்துட்டோம்லா. அரை வருசத்துக்குள்ள வந்தாத் திரும்பும்னாவல்லா. பெறவு ஏன் திரும்பல?" கொஞ்சம் குடித்தாள். "ஆடியில கோயில் கொடைக்குக் கருவாடு தின்னேன். ரெண்டு நாளு தின்னேன். அதுவா இருக்குமோ? ஒங்கண்ணனுக்குத் தெரியாது. நாக்க அடக்காம தின்னு கையக் கெடுத்துக்கிட்டேனோ?"

அப்போதுதான் கைப்பேசியை எடுத்தேன்.

அவள் வீடியோவை எட்டவைத்துப் பார்த்தாள். தன் கை ஆவிக்குள் போவதைப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "என்னா வேகம் பாரேன்!" என்றாள். நாக்கை நீட்டும் இடம் வந்ததும் சிரித்தாள். பிறகு சிரிப்பு மெதுவாக நின்றது. மறுபடி முதலிலிருந்து ஓட்டச் சொன்னாள்.

"இது எப்பம் எடுத்த?"

"போன கணபதிக்கு முந்தின கணபதி."

கட்டை விரலால் விரல் கணுக்களை எண்ணினாள். கணபதியிலிருந்து மே மாதம் வரை. எண்ணி முடித்து, மறுபடி ஒரு தடவை எண்ணினாள்.

"அப்பமே சுடலியா எனக்கு?"

"ஆமா."

"ஒனக்கு அப்பமே தெரியுமா?"

"அப்ப தெரியாது. பொங்கலுக்குத் தெரியும். கையில அந்தப் படையப் பாத்தேன்."

"பாத்துட்டு?"

"சொல்லல."

சாலையில் பஸ் ஒன்று வந்து நின்று போனது. மதினி கிளாஸில் மிச்சமிருந்த டீயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். எங்கள் உறவில் எதையும் திட்டித் தீர்க்கலாம்.

"கருவாடு இல்லன்னாச் சரி" என்றாள். கிளாஸை வைத்துவிட்டு எழுந்தாள்.

பொங்கலுக்கே சொல்லியிருந்தால் விரல்கள் திரும்பியிருக்குமா? மாட்டுங்காப் பெண்ணிடம் கேட்டேன். அவள் படிப்பை முடித்துவிட்டு வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்தாள். "சொல்ல முடியாதுக்கா" என்றாள். கணபதியிலிருந்து பொங்கல் நான்கு மாதம். அரை வருடத்துக்குள் வருகிறது. திரும்பியிருக்கலாம். திரும்பாமலும் போயிருக்கலாம். தட்டின் எட்டு வரிசைக் குழிகளிலும் விட்டுப் பார்ப்பதுபோல எல்லா விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். எல்லாக் குழியிலும் ஒரே நிறம்தான் வருகிறது.

அடுத்த ஞாயிறு போகலாமா வேண்டாமா என்று குர்லா பிளாட்பாரத்தில் இரண்டு வண்டியை விட்டேன். மூன்றாவதில் ஏறினேன். அண்ணன் முதல் டப்பாவோடு கிளம்பிப் போயிருந்தான். மதினி கொப்பரை முன்னால் குந்தியிருந்தாள். "வா" என்றாள். அவள் வாயிலிருந்து கேலியில்லாத ஒரு 'வா' வந்தது அதுவே முதல் தடவை. மூடியைத் திறந்துவிட்டு இடுக்கிக்காகத் திரும்பினாள். இடுக்கி என் பக்கம் கிடந்தது. நான் அதை எடுத்துக் கொடுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை. கையை ஆவிக்குள் விட்டுத் தட்டைப் பிடித்தேன்.

தூக்கக்கூட முடியவில்லை. அலறிவிட்டேன். எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். மதினி என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, குடத்துத் தண்ணீரை மொண்டு விரல்களில் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

"சுட்டுச்சா?"

"சுட்டுது மதினி."

"நல்லாச் சுட்டுச்சா?"

"ஆமா."

"அப்பம் சரி" என்றாள்.

கிளம்பும்போது பொட்டலம் கட்டித் தந்தாள். ஆறு இட்லி, மிளகாய்ப் பொடி, நல்லெண்ணெய். சாமான் கம்பியில் விட்ட பொட்டலங்களைப் பற்றி அவளுக்கு இன்னும் தெரியாது. அந்தச் சீட்டு இன்னும் என்னிடம் பூட்டித்தான் கிடக்கிறது. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்; இதை அவள் படிக்கப் போவதில்லை. அது தெரிந்துதான் எழுதினேனோ என்னவோ.

"ரயில்லயே தின்னுரு, ஆறிப்போவும்."

தின்றேன். சுட்ட விரல்களால் பிட்டுத் தின்றேன். மிளகாய்ப் பொடி கொப்புளத்தில் பட்டுப் பட்டுக் காந்தியது. மான்குர்த்துக்கு முன்பே முடிந்துவிட்டது.